மலை வண்டிக்கு 140 ஆயில்தானா?

ஊட்டிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

சொந்தமாக டீசல் பிக்கப் ஓட்டுகிறார். பழைய வண்டியாக வாங்கியது, ஒன்றரை லட்சம் கிலோமீட்டரை நெருங்குகிறது. ஐந்து கியர், பின்சக்கர இழுவை. ராத்திரி கழுவிய கேரட்டை விடிவதற்குள் ஏற்றிக்கொண்டு கோத்தகிரி வழியாக மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவதுதான் வேலை. குளிர் நாட்களில் காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் இரண்டாவது கியர் விழ மறுக்கிறது. அழுத்திப் போட்டால் கரகரவென்று கடிக்கிறது. வண்டி சூடேறியதும் சரியாகிவிடுகிறது. இது ஒரு தொல்லை. ஐம்பது அறுபதில் போகும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னாலிருந்து 'உய்ங்' என்று சத்தம் வருவது இன்னொன்று.

இரண்டு மாதம் முன்பு ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார். "மலை வண்டிக்கு 140 தான், 90 எல்லாம் கீழே ஓடுற வண்டிக்கு" என்று சொல்லி, கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்ஸிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரக் கூடு, அதாவது டிஃபரன்ஷியல்) இரண்டிலும் 85டபிள்யூ-140 ஜி.எல்-5 ஆயிலை ஊற்றிவிட்டார்கள். அதன்பின் கிரவுன் சத்தம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் காலையில் கியர் முன்பைவிட மோசம். வண்டிக் கையேட்டைப் பார்த்து அவரே எழுதியனுப்பியது இது: கியர் பாக்ஸுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்-4, கிரவுனுக்கு 80டபிள்யூ-90 ஜி.எல்-5, தொடர்ந்து பாரமும் மேடும் என்றால் 85டபிள்யூ-140 ஜி.எல்-5.

மச்சான் ஒருவர் கியர் பாக்ஸில் இன்ஜின் ஆயில் ஊற்றச் சொல்கிறாராம். கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து 75டபிள்யூ-90 சிந்தெடிக் ஜி.எல்-5 போட்டுவிடலாம் என்கிறாராம். "மெல்லிய ஆயில் போட்டால் இத்தனை பாரத்துக்குப் பல் தாங்குமா? யார் சொல்வதைக் கேட்பது?" என்பது அவர் கேள்வி. கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி: "இடது பின்சக்கரத்து உள்பக்கம் எண்ணெய் கசிகிறது, பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. ஆயில் தடிமனானதால் கசிவு தானாக நின்றுவிடும் என்றார்கள்."

தம்பி, உங்கள் கடிதத்தில் முதலில் இருந்திருக்க வேண்டியது அந்தக் கடைசி வரிதான். அதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டு ஆயிலுக்கு வருகிறேன்.

முதலில் பிரேக், அப்புறம் ஆயில்

கிரவுனில் இருக்கும் எண்ணெய் ஆக்ஸில் குழாய் வழியாகச் சக்கரம் வரை போகும். அங்கே அதைத் தடுத்து நிறுத்துவது ஓர் ஆயில் சீல் மட்டும்தான். அது விட்டுக்கொடுத்தால் எண்ணெய் நேராகப் பிரேக் டிரம்முக்குள் இறங்கி, டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டையான லைனரில் ஊறிவிடும். எண்ணெய் ஊறிய லைனர் ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் வழுக்கும், ஒருநாள் திடீரென்று கவ்வும். கோத்தகிரிக்குக் கீழே கொண்டை ஊசி வளைவுகளில் முழு லோடோடு இறங்குகிற வண்டிக்கு இது ஆகாது. இதைச் சரிசெய்யாமல் இன்னொரு லோடு இறக்க வேண்டாம். வாடகை வண்டி வைத்து அனுப்பினால் சில நாள் வருமானம் போகும், போகட்டும்.

டிரம்மைக் கழற்றியதும் கசிந்திருப்பதைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். கந்தக நெடியோடு பிசுபிசுவென்று இருந்தால் அது கிரவுன் ஆயில். தண்ணீர்போல் மெல்லியதாக இருந்து, பிரேக் ஆயில் டப்பாவிலும் அளவு குறைந்திருந்தால், டிரம்முக்குள் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. எதுவானாலும் அந்த லைனரைத் தூக்கிப் போடுங்கள். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் தேய்த்துத் திரும்ப மாட்டுகிற வழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. லைனர் எண்ணெயை உள்ளே உறிஞ்சி வைத்திருக்கும். சூடானதும் மறுபடி கக்கும். மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

தடித்த ஆயில் ஊற்றினால் கசிவு நிற்கும் என்பதை நம்பாதீர்கள். கிரவுன் சூடானதும் 140 ஆயிலும் இளகிவிடும். கசிவுக்குக் காரணம் வேறு எங்காவது இருக்கும். சீல் தேய்ந்திருக்கலாம், ஆக்ஸில் பேரிங் ஆடலாம், அளவுக்கு மேல் ஊற்றியிருக்கலாம். பலர் பார்க்காமல் விடுவது பிரீதர். கிரவுன் கூட்டின் மேல் சின்னதாக ஒரு மூடியோ குழாயோ இருக்கும். உள்ளே காற்று சூடாகி விரியும்போது வெளியேற அதுதான் வழி. தோட்டத்துச் சேற்றில் அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் சீலைத் தாண்டித்தான் வெளியே வரும். பிரீதரைச் சுத்தம் செய்யாமல் சீலை மட்டும் மாற்றினால் புது சீலும் சீக்கிரமே கசியும்.

டப்பாவில் இரண்டு தகவல்

சரி, ஆயிலுக்கு வருவோம். டப்பாமேல் இருப்பது இரண்டு தனித்தனித் தகவல். 85டபிள்யூ-140 என்பது தடிமன். ஜி.எல்-5 என்பது அதில் கலந்திருக்கும் மருந்து எந்த வேலைக்கானது என்பது. பட்டறையில் பெரும்பாலும் முதலாவதைப் பற்றித்தான் பேச்சு நடக்கும். உங்கள் கியர் பாக்ஸில் இரண்டுமே தவறிவிட்டன.

தடிமனை முதலில் பார்ப்போம். கோட்டுக்குப் பின்னால் வரும் எண், 100 டிகிரி சூட்டில் அந்த எண்ணெய் எவ்வளவு தடிமனாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. 90 என்றால் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை (எண்ணெயின் தடிமனை அளக்கும் அலகு அது, எண் கூடினால் கெட்டி). 140 என்றால் 24 முதல் 32.5 வரை. 2005க்கு முன்பு 90 என்ற பெயரிலேயே 24 வரை போகலாம் என்று இருந்தது. இடைவெளி பெரிதாக இருக்கிறது என்றுதான் அப்புறம் நடுவில் 110 என்ற ஒன்றைப் புகுத்தினார்கள். அதனால் பழைய மெக்கானிக் ஒருவர் மனதில் வைத்திருக்கும் 90ம் இன்று கடையில் கிடைக்கும் 90ம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றில்லை.

டபிள்யூவோடு வரும் எண் குளிருக்கானது. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரி வரை, 80டபிள்யூ மைனஸ் 26 வரை, 85டபிள்யூ மைனஸ் 12 வரை ஒரு குறிப்பிட்ட தடிமனைத் தாண்டாமல் இருக்க வேண்டும். "ஊட்டியில் மைனஸ் 12 எங்கே வருகிறது? அப்படியானால் 85டபிள்யூ போதுமே?" என்று கேட்கலாம். அந்த வரம்பு, குளிரில் எண்ணெய் இறுகி பேரிங்குக்குப் போய்ச் சேராமல் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. கியர் லேசாக விழுமா என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை. உங்கள் வீட்டில் மார்கழி, தை காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டில் எப்படிக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். கியர் ஆயில் அப்படி உறையாது, ஆனாலும் அந்தத் திசையில்தான் போகும்.

கணக்காகவே பாருங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண 80டபிள்யூ-90, 40 டிகிரியில் ஏறக்குறைய 140, 150 சென்டிஸ்டோக் இருக்கும். 85டபிள்யூ-140 அதே சூட்டில் 350ஐ ஒட்டி இருக்கும். இரண்டு மடங்குக்கு மேல். நீங்கள் வண்டி எடுக்கும் நேரத்தில் உறைபனி விழுகிறது. அங்கே இந்த வித்தியாசம் இன்னும் விரிந்துவிடும்.

மச்சான் சொன்ன இன்ஜின் ஆயில் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். இன்ஜின் ஆயில் எண்ணும் கியர் ஆயில் எண்ணும் வேறு வேறு அளவுகோல். 40 என்கிற இன்ஜின் ஆயில் 100 டிகிரியில் 12.5 முதல் 16.3 வரை, 50 என்பது 16.3 முதல் 21.9 வரை. அதாவது கியர் ஆயில் 90ம் இன்ஜின் ஆயில் 40, 50ம் ஏறக்குறைய ஒரே தடிமன்தான். 90 என்ற எண்ணைப் பார்த்து அது இரண்டு பங்கு கெட்டி என்று எண்ண வேண்டாம். அந்த வகையில் மச்சான் சொன்னது நீங்கள் பயந்த அளவுக்குப் பைத்தியக்காரத்தனம் இல்லை. சில வண்டிகளின் கியர் பாக்ஸுக்குத் தயாரிப்பாளரே இன்ஜின் ஆயில் சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் கையேடு ஜி.எல்-4 கேட்கிறது. பல் மேல் பல் அழுந்தும்போது காக்கிற மருந்து இன்ஜின் ஆயிலில் அந்த அளவுக்குக் கிடையாது. அதனால் வேண்டாம்.

கியர் பாக்ஸில் நடப்பது

ஐந்து நான்கைவிடப் பெரியது, ஆகவே ஜி.எல்-5 இன்னும் உசத்தி என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது தரவரிசை இல்லை, வேலைப் பிரிவு.

உங்கள் கியர் பாக்ஸில் ஒவ்வொரு கியருக்கும் பக்கத்தில் ஒரு சிங்க்ரோ ரிங் இருக்கிறது. பெரும்பாலும் பித்தளை. நீங்கள் லிவரைத் தள்ளும்போது இந்த ரிங் கியரின் கூம்பு முகத்தில் போய் உரசி, இரண்டின் சுழற்சியையும் சமப்படுத்துகிறது. சமமான பிறகுதான் கியர் உள்ளே போகும். உரசிப் பிடிக்க வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் எண்ணெய்ப் படலம் விலக வேண்டும். ரிங்கின் உள்பக்கம் மெல்லிய வரிகள் வெட்டியிருப்பது அதற்குத்தான். எண்ணெய் கெட்டியாக இருந்தால் படலம் சட்டென்று விலகாது, ரிங் பிடிக்காமல் வழுக்கும், நீங்கள் அழுத்திப் போடுவீர்கள், பல்லும் பல்லும் மோதும். நீங்கள் கேட்கும் கரகர அதுதான். ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது வேக வித்தியாசம் அதிகம், அதனால் முதலில் அடிவாங்குவது இரண்டாவது கியர் ரிங். சூடானதும் எண்ணெய் இளகி எல்லாம் சரியாகிவிடுகிறது என்றீர்களே, அது நல்ல அறிகுறி. ரிங் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

தடிமன் அப்படியென்றால் மருந்து வேறு விதமாகக் கெடுக்கிறது. ஜி.எல்-5ல் கந்தகம், பாஸ்பரஸ் கலந்த அழுத்தத் தடுப்பு மருந்து ஜி.எல்-4ல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கும். சூட்டில் அது செம்பு, பித்தளையை அரிக்கக்கூடும். உரசிப் பிடிக்க வேண்டிய ரிங்கின் முகத்தில் வழுக்கலையும் கூட்டும். எல்லா ஜி.எல்-5 ஆயிலும் ஒரே அளவுக்கு அரிக்கும் என்று சொல்ல மாட்டேன், செம்பைக் காக்கும் மருந்தையும் சேர்த்துத்தான் நல்ல தயாரிப்பாளர்கள் விற்கிறார்கள். டப்பாவில் ஜி.எல்-4, ஜி.எல்-5 இரண்டும் போட்ட ஆயில்களும் உண்டு. ஆனால் 'சிங்க்ரோமெஷ் கியர் பாக்ஸுக்கு ஏற்றது' என்று தயாரிப்பாளர் தெளிவாகச் சொல்லாதவரை அதை உங்கள் பாக்ஸில் ஊற்றிப் பரிசோதிக்க வேண்டியதில்லை.

ஆகவே கியர் பாக்ஸுக்கு என் பதில்: இப்போது இருக்கும் 140ஐ உடனே இறக்குங்கள். கையேடு சொன்ன 80டபிள்யூ-90 ஜி.எல்-4 போதும். கொஞ்சம் கூடுதல் செலவு செய்ய முடிந்தால் சிந்தெடிக் 75டபிள்யூ-90 ஜி.எல்-4 வாங்குங்கள். சூட்டில் அதுவும் 90தான், பல்லுக்கான காப்பு குறைந்துபோகாது. 40 டிகிரியில் 100 சென்டிஸ்டோக்கை ஒட்டித்தான் இருக்கும், காலையில் கை வித்தியாசத்தை உணரும். கடைக்காரர் சொன்ன தடிமன் சரி, மருந்துதான் தவறு. 75டபிள்யூ-90 என்று கேட்டால் அலமாரியிலிருந்து முதலில் கைக்கு வருவது பெரும்பாலும் ஜி.எல்-5. டப்பாவைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

கிரவுனுக்கு வேறு கணக்கு

கிரவுனில் பட்டறைக்காரர் செய்ததை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே பினியன், அதாவது ஷாஃப்ட் முனையில் இருக்கும் சிறு பல்சக்கரம், பெரிய கிரவுன் சக்கரத்தின் மையத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து சேர்கிறது. அதனால் பல்லின் மேல் பல் உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கித் தேய்த்துக்கொண்டும் போகும். அந்தத் தேய்ப்பில் எண்ணெய்ப் படலம் வழிக்கப்பட்டுவிடும். மீதிக் காவல் அந்தக் கந்தக மருந்துதான். இங்கே ஜி.எல்-5 கட்டாயம், ஜி.எல்-4 ஊற்றினால் பல் கீறி நாசமாகும். பித்தளை ரிங் எதுவும் இல்லாததால் பயமும் இல்லை. பாரமும் மேடும் என்றால் 140 போடலாம் என்று உங்கள் கையேடே சொல்கிறது. அப்படியே விடுங்கள். குளிரில் கொஞ்ச தூரம் எண்ணெயைக் கடைவதில் டீசல் சற்று வீணாகும், அவ்வளவுதான்.

ஒரு காலத்து லாரிகளில் சிங்க்ரோ ரிங் இல்லாத கிராஷ் பாக்ஸ் இருந்தது. அதில் 90, 140 என்று ஒற்றை எண் ஆயிலை ஊற்றி, டபுள் கிளட்ச் போட்டு, அதாவது ஒரு கியர் மாற்ற இரண்டு முறை கிளட்ச் மிதித்து ஓட்டினார்கள். மலைக்கு 140 என்ற பேச்சு அந்த வண்டிகளுக்குப் பொருந்தும். வண்டி மாறிவிட்டது, பேச்சு மாறவில்லை. அதனால் பட்டறைக்காரரோடு சண்டைக்குப் போகாமல் கையேட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை பில்லில் 'கியர் ஆயில்' என்று மட்டும் எழுதாமல் எண்ணும் ஜி.எல்லும் எழுதி வாங்குங்கள். பின்னால் வாரன்டி, இழப்பீடு என்று பேச வேண்டி வந்தால் கையில் இருக்கப்போவது அந்தத் தாள் ஒன்றுதான்.

ஆனால் சத்தம் குறைந்ததை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கெட்டியான எண்ணெய் சத்தத்தை அமுக்கும், தேய்ந்ததைத் திரும்ப வளர்க்காது. ஆக்சிலரேட்டரை விட்டதும் 'உய்ங்' என்று வந்தால் பினியன் பேரிங்கைத்தான் முதலில் சந்தேகிப்பேன். சமதரையில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஷாஃப்ட் கிரவுனில் சேரும் இடத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொல்லுங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் பேரிங் மாற்றி, பல் இடைவெளியை அளந்து செட் செய்ய வேண்டும். இப்போது செய்தால் பேரிங் செலவோடு போகும். தள்ளிப் போட்டால் கிரவுன், பினியன் இரண்டையும் ஜோடியாக வாங்க வேண்டி வரும்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

கழற்றும் வரிசை முக்கியம். முதலில் ஊற்றும் நட்டைத் திறந்து பாருங்கள், அப்புறம்தான் கீழே உள்ளதை. பழைய எண்ணெயை இறக்கிய பிறகு மேல் நட்டு துருப்பிடித்துத் திறக்காமல் போய், வண்டி பட்டறையிலேயே நின்ற கதைகள் உண்டு.

வண்டி ஓடிச் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள், 140 அப்போதுதான் முழுதாக வடியும். மண்ணெண்ணெய், டீசல் ஊற்றிக் கழுவ வேண்டாம். மூலைகளில் தங்கிப் புது ஆயிலைக் கெடுக்கும். மனசு கேட்கவில்லையென்றால் அதே தரத்தில் விலை குறைந்த ஜி.எல்-4 ஊற்றி ஒரு வாரம் ஓட்டி, அதையும் இறக்கிவிட்டு நல்லதை ஊற்றுங்கள்.

டிரெயின் நட்டில் காந்தம் இருந்தால் அதைத் துடைக்கும் முன் விரலில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல நைசாக இருந்தால் வழக்கமான தேய்மானம். செதிலோ ஊசி ஊசியாகவோ வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. கியர் பாக்ஸ் எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் சாய்த்தால் பொன்னிறத் துகள் மின்னுகிறதா என்று தெரியும். பித்தளை காந்தத்தில் ஒட்டாது, அதனால் நட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அளவு பார்ப்பது சமதரையில். இதை நீலகிரிக்காரரிடம் சொல்வது எனக்கே கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் உங்கள் கசிவுக்கே இது காரணமாக இருக்கலாம். சரிவில் நிறுத்தி ஊற்றினால் துளை வரை நிறைந்ததாகத் தெரியும். உண்மையில் கூடவோ குறையவோ இருக்கும். பிரேக்கைச் சரிசெய்த பிறகு, மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கியதும் அங்கேயே ஒரு சமதரைப் பட்டறையில் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை வந்தால் போதும்.

உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் காருக்கும் இதையே ஊற்றலாமா என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். முன்சக்கர இழுவைக் கார் என்றால் கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும் பொதுவாக ஒரே கூட்டுக்குள், ஒரே எண்ணெயில் ஓடும். அதில் உங்கள் கிரவுன்போல வழுக்கிப் போகும் பல் பெரும்பாலும் இருக்காது. 75டபிள்யூ-80 அளவுக்கு மெல்லியது கேட்கும் கார்களும் உண்டு. அவர் தன் கையேட்டைப் பார்க்கட்டும்.

புது ஆயில் ஊற்றும்வரை காலையில் முதல் சில கிலோமீட்டருக்கு இரண்டாவது கியரை அவசரப்படுத்தாதீர்கள். லிவரை ரிங்கின் வாயில் லேசாக அழுத்திப் பிடித்து ஒரு நொடி பொறுத்தால் தானாக விழும். விழவில்லை என்பதற்காக இரண்டைத் தவிர்த்து மூன்றில் போட்டோ, நியூட்ரலில் உருட்டியோ இறக்கத்தில் போவது மட்டும் கூடவே கூடாது. பிரேக்கைச் சரிசெய்த பிறகும் மலை இறக்கத்தில் இன்ஜின் பிடிதான் பாதி பிரேக்.

80டபிள்யூ-90 அல்லது 75டபிள்யூ-90 ஜி.எல்-4 ஊற்றி சில வாரம் ஓட்டுங்கள். குளிரில் மட்டும் லேசாக அடம்பிடித்தால் அப்படியே விட்டுவிடலாம். வண்டி சூடான பிறகும், கிளட்ச் முழுதாக மிதித்தும் இரண்டாவது கியர் கடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது பாக்ஸைத் திறந்து ரிங்கை மாற்றித்தான் ஆக வேண்டும். அதற்குமேல் எந்த டப்பா ஆயிலுக்கும், கடையில் தள்ளிவிடும் எந்த 'கியர் ட்ரீட்மென்ட்' பாட்டிலுக்கும் காசு செலவழிக்காதீர்கள்.